வாப்பா நடிக்க மறுத்த நாடகம்

வாப்பா இருந்த ஜெயிலில் எதற்கெடுத்தாலும் 'சுதார்' என்பார்கள். இந்தியில் அதற்குத் திருந்துவது என்று பொருள். காலையில் உடற்பயிற்சி சுதார். சாயங்காலக் கூட்டுப் பிரார்த்தனை சுதார். இந்தி வகுப்பு, ஜமுக்காளம் நெய்யும் பயிற்சி, தலைவர்களின் பிறந்த நாளுக்குப் பேசுவது, எல்லாமே சுதார். ஒரு கைதி பரோல் கேட்டு மனுப் போட்டால், அதாவது வீட்டுக்குச் சில நாள் வந்து போக அனுமதி கேட்டால், இவற்றில் எல்லாம் அவன் எப்படி நடந்துகொண்டான் என்று ஜெயிலிலிருந்து ரிப்போர்ட் போகும். அதைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

இதை நாங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். முதல் தடவை ரம்ஜானுக்குப் பரோல் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஏன் என்று வாப்பாவுக்குப் புரியவில்லை. தோல் செக்‌ஷனில் போலீஸ்காரர்களுக்குச் செருப்பும் பெல்ட்டும் தைத்துக்கொண்டு, யாரோடும் வம்புக்குப் போகாமல்தான் இருந்தார். ஒரு வயதான வார்டர்தான் விஷயத்தைச் சொன்னாராம். "நீ பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தால் உன்னைப் பற்றி யார் என்ன எழுதுவார்கள்? வகுப்புக்குப் போ. கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்."

வாப்பா போனார். தாராவியில் இருபது வருஷம் இருந்தும் பேசுவதற்கு மட்டுமே இந்தி பழகியிருந்தவர், ஜெயிலில்தான் அதை எழுதப் படிக்கக் கற்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் ரிப்போர்ட்டுக்காக வந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாப்பா தூங்கவில்லை. எனக்கு வரும் இன்லாண்டு லெட்டரில் தமிழுக்கு நடுவே ஒரு வரி இந்தி இருக்கும். பிறகு இரண்டு வரி ஆயிற்று. தாராவி முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு அதைப் படிக்க அவரைவிட அதிக நேரம் பிடித்தது.

அவர் ஏன் ஜெயிலுக்குப் போனார் என்பதில் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. அப்போது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். கீழே பை தைக்கிற பட்டறை, மேலே மாடத்தில் நாங்கள். அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி ஒரு ஆள் பல மாதமாக வந்து மிரட்டிக்கொண்டிருந்தான். ஒரு மதியம் இரண்டு பேரோடு வந்து தையல் மெஷினைத் தூக்கிச் சந்தில் எறிந்தான். தடுக்கப் போன உம்மாவின் முடியைப் பிடித்து இழுத்தான். வாப்பா தோல் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் கத்தி இருந்தது. வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதனின் கையில் வேறு என்ன இருக்கும்? ஒரே குத்து. அந்த ஆள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். வாப்பா தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து போய் உட்கார்ந்தார். திட்டமிட்ட கொலை அல்ல என்று கோர்ட்டே சொன்னது. ஆனாலும் பத்து வருஷம் கடுங்காவல் கொடுத்தது.

வகுப்புகளில் சேர்ந்த பிறகு போட்ட மனு பலித்தது. உம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த சமயம் அது. பதினைந்து நாள் விட்டார்கள். வாப்பா வீட்டில் கஞ்சி வைத்தார், துணி துவைத்தார், உம்மாவைக் கைத்தாங்கலாக நடக்க வைத்தார். தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஒரு நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வரவில்லை. இறந்துபோன ஆளின் குடும்பம் வடாலா பக்கம் குடியேறியிருந்தது. அங்கே போயிருக்கிறார். அந்த ஆளின் மனைவி கதவைத் திறந்து இவரைப் பார்த்ததும் சாத்திவிட்டாள். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். உம்மா திட்டினாள்.

"ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா என்ன செய்வீங்க? பரோல்ல வந்த மனுசன் போற எடமா அது?"

"போவணும்னு தோணிச்சு, போனேன். அந்தம்மா கதவச் சாத்துனது நியாயந்தான்" என்றார் வாப்பா.

உம்மாவுக்குத் தையல்கூடப் பிரிக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் நீட்டிக் கேட்கலாம் என்று வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, சொன்னார். வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சொன்ன நாளில் பையைத் தூக்கிக்கொண்டு தாதரில் ரயில் ஏறினார். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ஜெயிலின் கேட்டுக்குள் சாயங்காலத்துக்கு முன்பே போய்விட்டார்.

அதற்கடுத்த வருஷம் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. மாட்டுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை செம்பூர்க்காரர், எலக்ட்ரீஷியன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம்தான். தாய் தகப்பன் இல்லாமல் மாமா வீட்டில் வளர்ந்தவர். சவூதியில் வேலைக்கு விசா வந்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் போயாக வேண்டும், போனால் திரும்ப இரண்டு வருஷம் ஆகும், அதனால் போவதற்கு முன்பு நிக்காஹ் முடிய வேண்டும் என்று அவருடைய மாமா அவசரப்படுத்தினார். இன்ஸ்டிட்யூட் மெஷினிலேயே வாப்பாவின் பரோல் மனுவை நான் டைப் செய்தேன். முதலாளி சார் இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தார். சாச்சா ஜாமீன். இந்தத் தடவை சந்தேகமே இல்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்து ஜெயிலுக்குக் கைதிகள் நலனைக் கவனிக்கப் புது அதிகாரி ஒருவர் வந்தார். சின்ன வயது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நிறைய ஆர்வம். மந்திரி ஒருவர் ஜெயிலைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் கைதிகளை வைத்து ஒரு நாடகம் போட ஏற்பாடு செய்தார். குடித்துவிட்டுச் சிநேகிதனைக் கொன்ற ஒருவன் ஜெயிலில் திருந்தி நல்லவனாகிற கதை. கொலைகாரன் வேஷத்துக்கு வாப்பாவைத் தேர்ந்தெடுத்தார். இந்தி நன்றாக வருகிறது, கேஸும் பொருத்தமாக இருக்கிறது என்றாராம்.

நாங்கள் பார்க்கப் போன அன்று வாப்பா இதைச் சொன்னார். வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். இரண்டு பக்கமும் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற இடம் அது. முகத்தைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டால்தான் காது கேட்கும்.

"நடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

உம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்? ஒரு நாள் கூத்துதான? அவன் சொல்லச் சொன்னதச் சொல்லிட்டு எறங்கி வந்துருங்களேன். மவ நிக்காஹ் இருக்கு. இப்பமா ரோசம் பாக்குதது?"

"அவன் எழுதிக் குடுத்தது என்னன்னு கேளு மொதல்ல." வாப்பா குரலைத் தாழ்த்தினார். நான் காதைக் கம்பியில் வைத்துக்கொண்டேன். "கடைசியில வேஷத்தக் கலச்சிட்டு, என் சொந்தப் பேரையும் என் நம்பரையும் மைக்குல சொல்லணும். நான் குடிச்சிட்டுக் கொன்னேன். என்னால என் பொண்டாட்டி பிச்ச எடுத்தா. என் மவ கெட்டுப் போனா. இந்த ஜெயிலு வந்து என்ன மனுசனாக்குச்சு. இத மந்திரி முன்னால அழுதுகிட்டே சொல்லணுமாம்."

வாப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒரு நாளாவது குடிச்சிருக்கேனா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல வாப்பா."

"நீ கெட்டுப் போயிட்டியா?"

"இல்ல."

"நானும் அவன்கிட்ட சொன்னேன், சார், நடந்ததச் சொல்லுதேன். நான் குத்துனேன், ஒரு மனுசன் செத்தான், அவனுக்கும் புள்ளைங்க இருக்கு, அந்த வீட்டு வாசல்ல போயி நின்னேன், கதவச் சாத்திட்டாங்க. இத வேணும்னா மைக்குல சொல்லுதேன்னு சொன்னேன். அது நாடகத்துக்கு எடுக்காதுன்னுட்டான்."

மணி அடித்துவிட்டார்கள். வார்டர் வந்து தோளைத் தொட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "வாப்பா, சொல்லாதீங்க! என்ன ஆனாலும் அதச் சொல்லாதீங்க!" உம்மா என் முழங்கைக்கு மேலே அழுத்திக் கிள்ளினாள்.

ரயில் மலையை விட்டு இறங்குகிற வரைக்கும் உம்மா என்னோடு பேசவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னது சரிதான். ஆனா பரோல் போச்சு" என்றாள்.

உம்மா சொன்னதுதான் நடந்தது. நாடகத்தை வேறொரு கைதியை வைத்து நடத்தி முடித்தார்கள். மந்திரி கைதட்டினாராம். எங்கள் மனு தள்ளுபடி ஆயிற்று.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கு இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவு போட்டுவிட்டு, சாச்சாவை இழுத்துக்கொண்டு பரோல் விவகாரம் பார்க்கிற சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பியூன் இரண்டு தடவை, "சாஹேப் பார்க்க மாட்டார், போ" என்றான். நான் நகரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஃபைலை எடுத்து வரச் சொல்லிப் புரட்டினார். "போலீஸ் ஆட்சேபம் சொல்லவில்லை. ஜாமீன் சரியாக இருக்கிறது. ஜெயில் ரிப்போர்ட்தான் சரியில்லை. சீர்திருத்த நிகழ்ச்சிகளில் ஒத்துழைப்பதில்லை, மனமாற்றம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்."

"எந்த நிகழ்ச்சியில் சார்?"

"ஒரு நாடகம் என்று போட்டிருக்கிறது."

"இந்தி வகுப்புக்கு நாலு வருஷமாகப் போகிறார். அது?"

"அதுவும் இருக்கிறது. ஆனால் கடைசியாக நடந்ததைத்தான் பார்ப்பார்கள்."

"என் உம்மா ஆபரேஷனுக்குப் பதினைந்து நாள் வந்தார். உம்மா படுக்கையில் கிடந்தபோதே, சொன்ன நாளில் திரும்பிப் போனார். அதை எழுதியிருக்கிறார்களா?"

அவர் ஒரு தாளைத் திருப்பினார். இன்னொன்றையும் திருப்பினார். "அதற்கு இந்த ரிப்போர்ட்டில் இடமில்லை."

"வெளியே விட்டால் திரும்பி வருவாரா என்பதுதானே சார் உங்களுக்குத் தெரிய வேண்டும்? வந்து காட்டியிருக்கிறார். அதற்கு இடமில்லை. பொய் சொல்லி அழ மாட்டேன் என்றதற்கு மட்டும் இடம் இருக்கிறதா?"

சாச்சா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். என் இந்தி கொஞ்சம் தாராவி, கொஞ்சம் பள்ளிக்கூடம். ஆனால் அன்றைக்கு எங்கேயும் தடுக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நன்றாகப் பேசுகிறாய். ஒன்று செய். உன் அப்பாவை மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொல். அடுத்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ளட்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து நானே பார்க்கிறேன்."

"மன்னிப்புக் கேட்க மாட்டார்."

"அவரிடம் கேட்காமலே சொல்கிறாயே?"

"அவர் கேட்டாலும் நான் விட மாட்டேன் சார்."

 அவர் ஃபைலைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

படிக்கட்டில் சாச்சா தலையில் அடித்துக்கொண்டார். "ஏம் புள்ள, நீ பரோல் கேக்க வந்தியா, சண்ட போட வந்தியா? இப்ப என்ன செய்யதுக்கு? நான் நின்னு நிக்காஹ்வ முடிச்சு வைக்கேன். உங்க வாப்பா, எங்க காக்கா, ஒரு வார்த்த சொல்லி அனுப்புனாப் போதும். மார்க்கத்துல எடம் இருக்கு."

"இடம் இருக்கு, தெரியும் சாச்சா. எனக்கு வாப்பாதான் வேணும்."

"அவங்களத்தான் வெளிய விடமாட்டாங்களே!"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "அவங்க வெளிய வர வேண்டாம். நாம உள்ள போவோம்."

சாச்சா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினேன். நாங்கள் அதற்கு முன் ஒரு தடவைதான் பேசியிருந்தோம், அதுவும் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்க. மாட்டுங்காவில் இன்ஸ்டிட்யூட் வாசலில் வேலை முடிகிற நேரத்துக்கு வந்து நின்றார். பூக்கடைகளுக்கு முன்னால் இருந்த கூட்டத்தில் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"ஜெயில்லயா?" என்றார்.

"ஆமா."

"மாமா என்னை வெட்டிப் போட்டுருவாரு."

"அப்ப உங்க மாமாகிட்ட வேற பொண்ணு பாக்கச் சொல்லுங்க."

அவர் போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு கட்டிங் சாய் வாங்கி முழுசும் குடித்தார். எனக்கு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் வரமாட்டேன்னு சொல்லலியே. என்னிக்குன்னு சொல்லுங்க, அன்னிக்கு பேன்ட் சட்டை தேச்சி வைக்கிறேன்."

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிக்காஹ்வுக்கு முன்பே அவரைப் பிடித்துப்போன நாள் அதுதான்.

அவருடைய மாமாவுக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரமே எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்று, சந்தே கேட்கிற மாதிரி கத்தினார். "ஊருல ஹாலுக்கா பஞ்சம்? செம்பூர்ல நாலு பேரு முன்னால நான் எப்படி மொகத்தக் காட்டுவேன்? கைதி கையப் புடிச்சிக்கிட்டு என் மருமவன் சம்மதம்னு கபூல் சொல்லணுமா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உம்மா மாடத்திலிருந்து ஏணி வழியாக இறங்கி வந்தாள். வெளி ஆண்களிடம் குரல் உயர்த்திப் பேசாதவள். அன்றும் உயர்த்தவில்லை.

"காக்கா, நான் சொல்லுததக் கேளுங்க. எம் மவள கையப் புடிச்சிக் குடுக்க வேண்டிய மனுசன் அங்க இருக்காவ. அவங்களால இங்க வர முடியல. நாங்க அங்க போறோம். இதுல கள்ளத்தனம் ஒண்ணுமில்ல. உங்களுக்குக் கூச்சமா இருந்துச்சின்னா நிக்காஹ்வுக்கு வராண்டாம். மறுநாளு இங்க சோறு போடுவோம், அதுக்கு மட்டும் வாங்க."

மாமா சந்தில் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் பேசவில்லை. வேகமாகப் போய்விட்டார்.

ஜெயில் சூப்பரிண்டென்ட் ரிட்டயராகப் போகிற வயதுக்காரர். நான் டைப் செய்துகொண்டு போன மனுவை முழுக்கப் படித்தார். பரோல் கேட்கவில்லை, காவலை விலக்கச் சொல்லவில்லை, பார்வையாளர் நேரத்தில் ஒரு மணி நேரம் வெளி ஹாலில் நிக்காஹ் நடத்த அனுமதி, அவ்வளவுதான். "பிரியாணியும் உள்ளே கொண்டு வருவீர்களா?" என்று கேட்டார். நான் மிரண்டுபோய் இல்லை என்றேன். "அப்படியானால் சரி" என்று கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு வரைக்கும் அது கேலியா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அனுமதி கிடைத்த நாளன்று காலையில், உம்மா, சாச்சா, நிக்காஹ் ஓதி வைக்கத் தாராவிப் பள்ளிவாசலின் ஹஸரத், மாப்பிள்ளை, நான், இவ்வளவு பேரும் ரயிலில் போனோம். தாதரில் வண்டி புறப்படும்போது மாப்பிள்ளையின் மாமா ஓடி வந்து ஏறினார். எதிர் சீட்டில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். மலை ஏறும்போது உம்மா பொட்டலத்திலிருந்து இட்லி எடுத்து நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டார்.

நான் பச்சைப் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். கேட்டில் பெண் வார்டர் என் கொண்டையைக்கூட விடாமல் அவிழ்த்துச் சோதனை போட்டாள். உம்மா நின்றபடியே திரும்பவும் கட்டிவிட்டாள். ஹாலில் ஜமுக்காளம் விரித்திருந்தது. ஜெயிலில் நெய்ததுதான். வாப்பாவுக்கு வேறு சட்டை கொண்டு போயிருந்தோம், விதிப்படி கொடுக்கக் கூடாது என்றார்கள். அரைக்கை வெள்ளைச் சட்டை, அரைக்கால் நிஜார், குல்லா, கைதி உடுப்பிலேயே கூட்டி வந்தார்கள். பரோலில் வந்து போனதற்குப் பிறகு கம்பி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழாத புள்ள, மை கலஞ்சிரும்" என்றார்.

ஹஸரத் ஓத ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் அந்த நல அதிகாரி வந்தார். கூட ஒரு போட்டோக்காரர், ஒரு பத்திரிகைக்காரர். அதிகாரியின் முகம் மலர்ந்திருந்தது.

"எல்லோரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள். கைதியின் மகளுக்குச் சிறை நிர்வாகம் நடத்தி வைத்த திருமணம். சீர்திருத்தப் பணிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது" என்றார். பிறகு வாப்பாவிடம் திரும்பி, "உனக்கும் நல்லதுதான். நாடக விஷயத்தை நான் மறந்துவிடுகிறேன். இந்த மாதமே ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதுகிறேன்" என்றார்.

சாச்சாவின் கண்ணில் ஆசை தெரிந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு படம், வாப்பாவுக்கு ரிப்போர்ட் சரியாகிவிடும். உம்மா என்னைப் பார்த்தாள். மந்திரி முன்னால் வாப்பா சொல்ல மறுத்ததை, இப்போது எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் படமாகச் சொல்ல வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சார், இதை நீங்கள் நடத்தி வைக்கவில்லை. இடம் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. இது எங்கள் வீட்டுக் கல்யாணம். உங்கள் ப்ரோக்ராம் இல்லை. போட்டோ வேண்டாம்."

"யோசித்துப் பேசு. உன் அப்பாவுக்குத்தான் நஷ்டம்."

நான் வாப்பாவைப் பார்த்தேன். இதில் முடிவு சொல்ல வேண்டியவர் அவர். வருஷக்கணக்கில் உள்ளே இருக்கிறவர் அவர். வாப்பா மாப்பிள்ளைக்கு எதிரே ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அதிகாரியிடம் இந்தியில், வகுப்பில் படித்த அந்தச் சுத்தமான இந்தியில், "மகள் வேண்டாம் என்கிறாள், சாஹேப்" என்றார். பிறகு ஹஸரத்திடம் தமிழில், "நீங்க ஓதுங்க" என்றார்.

யாரும் எதிர்பாராதபடி மாப்பிள்ளையின் மாமா எழுந்தார். போட்டோக்காரருக்கும் எங்களுக்கும் நடுவே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆள் நல்ல அகலம். கபூல் சொல்லி முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றார். இதற்குள் என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்த சூப்பரிண்டென்ட் ஒரு கையசைப்பில் அதிகாரியையும் மற்ற இருவரையும் வெளியே அழைத்துக்கொண்டார்.

வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னார். தோல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கை. குரல் நடுங்கவில்லை. மாப்பிள்ளையின் குரல்தான் நடுங்கியது. உம்மா எனக்குக் கருகமணி கட்டினாள். பேரீச்சம்பழம் கொடுத்தோம், காவலுக்கு நின்ற வார்டர்களுக்கும் சேர்த்து. நேரம் முடிந்தது என்றார்கள். வாப்பாவைக் கூட்டிப் போனார்கள். திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

நல அதிகாரி சொன்னபடியே செய்தார். வாப்பாவுக்கு அதன் பிறகு பரோலே கிடைக்கவில்லை. என் முதல் பிரசவத்துக்குக் கேட்டோம், கிடைக்கவில்லை. ஆனால் தோல் செக்‌ஷனில் வேலை பார்த்ததற்கும், உள்ளே தண்டனை எதுவும் வாங்காமல் இருந்ததற்கும் பத்து வருஷத்திலிருந்து கிடைத்த நாள் கழிவை யாராலும் பறிக்க முடியவில்லை. நாடகம் பார்த்துக் கொடுப்பதல்ல அது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றுண்டு. நிக்காஹ் முடிந்த மறுவாரமும் வாப்பா இந்தி வகுப்புக்குப் போனார். அதிகாரிக்கு ஆச்சரியம். "இனிமேல் உனக்குப் பரோல் வராது என்று தெரியுமல்லவா? எதற்கு வருகிறாய்?" என்று கேட்டாராம். "புத்தகம் பாதியில் நிற்கிறது, சாஹேப்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். இதை அவர் கடிதத்தில் எழுதியபோது நான் தாராவிச் சந்தில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

நிக்காஹ் முடிந்து ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வாப்பா விடுதலையானார். கேட்டில் காத்திருந்தது நான், உம்மா, இடுப்பில் என் மகள். பரோல் இல்லை, ஜாமீன் இல்லை, தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து இல்லை. பேத்தியை வாங்கிக்கொண்டார். அவள் புது ஆளைக் கண்டு வீறிட்டு அழுதாள். ரயில் ஸ்டேஷன் வரைக்கும் அவள் அழுதுகொண்டே வர, வாப்பா யாரிடமும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டே நடந்தார்.

செம்பூரில் நான் குடித்தனம் நடத்திய காலத்தில் பெண்கள் கல்யாண ஆல்பம் கேட்பார்கள். எங்களிடம் ஒரு படமும் கிடையாது என்பேன். ஏன் என்பார்கள். சிலர் மாமாவிடமிருந்து பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, என் வாயைக் கிளறுவதற்கென்றே கேட்பார்கள். அப்போதெல்லாம் நான் எதையும் மழுப்புவதில்லை. உட்காரச் சொல்லி, சாயா போட்டுக் கொடுத்து, முதலிலிருந்து முழுசாகச் சொல்லிவிடுவேன்.